வீட்டு கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ்? வடசென்னைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

தண்டையார்பேட்டையிலிருந்து: புது லேப்டாப், விண்டோஸ் 11. கூடவே மூணு வருஷ ஆன்டிவைரஸ் பாக்ஸையும் வாங்கச் சொல்றார் கடைக்காரர். விண்டோஸ்லயே வர்ற டிஃபெண்டர் பேருக்குத்தான்னு சொல்றார். நிஜமா சார்?

பத்து வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் ஒப்புக்கொள்ளலாம். இன்று அது பழைய பாட்டு. ஜெர்மனியில் ஏவி-டெஸ்ட் என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. பாதுகாப்பு, வேகம், தொந்தரவு இல்லாமை என்று மூன்று பிரிவு, பிரிவுக்கு 6 மதிப்பெண், மொத்தம் 18. இதில் டிஃபெண்டர் சில வருஷங்களாகவே முன்வரிசையில்தான் நிற்கிறது. நெட் இருக்கிற வீடு, ஒழுங்கான விண்டோஸ், கண்ட இடத்தில் சாஃப்ட்வேர் இறக்காத ஆட்கள் என்றால் அதுவே போதும்.

அதற்கும் ஒரு குறை உண்டு, அதைத்தான் கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும். டிஃபெண்டரின் பலத்தில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்டின் சர்வரோடு பேசிச் சரிபார்ப்பதில் இருக்கிறது. நெட் இல்லாதபோது அதன் பிடிப்பு கணிசமாகக் குறைகிறது. ஆஸ்திரியாவில் உள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸின் சோதனைகளிலும் இதைப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் பெரும்பாலும் நெட் இல்லாமல் ஓடுகிறது, தினமும் நாலு பேருடைய பென்டிரைவ் வந்து போகிறது என்றால் காசு கொடுத்து ஒன்று வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

லேப்டாப்பைத் திறந்ததும் இதைப் பாருங்கள். ஸ்டார்ட்டில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்’, அதற்குள் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’. ரியல்-டைம், க்ளவுட், டேம்பர் ப்ரொடெக்‌ஷன் மூன்றும் ஆனில் இருக்க வேண்டும். பிறகு முன்பக்கத்தில் ‘ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்’ போய், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் வசதியையும் ஆன் செய்யுங்கள். இலவச வீடியோ கன்வர்ட்டரோடு ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார் குப்பை பாதி இதிலேயே நின்றுவிடும்.

வியாசர்பாடி, கல்லூரி மாணவர்: ஜெராக்ஸ் கடைல ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுத்துட்டு வந்தேன் அண்ணா. பென்டிரைவ்ல ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுச்சு. ஃபைல் போச்சா?

போகவில்லை தம்பி, ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. பென்டிரைவைச் செருகியதுமே அதிலுள்ள நிரல் தானாக ஓடும் வசதியை விண்டோஸ் 7 காலத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அதனால் இந்த வைரஸுக்கு உன் விரல் தேவைப்படுகிறது. நிஜ ஃபைல்களை எல்லாம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி மறைத்துவிட்டு, பென்டிரைவின் பெயரிலேயோ ஃபோல்டர்களின் பெயரிலேயோ ஷார்ட்கட் வைக்கும். அதை டபுள் கிளிக் செய்தால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு உன் ஃபோல்டரும் திறக்கும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நீ நினைத்துக்கொள்வாய்.

ஷார்ட்கட்டைத் தொடாதே. எக்ஸ்ப்ளோரரில் மேலே ‘வியூ’ போய் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல். அதோடு, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘ஹைட் ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்பதில் உள்ள டிக்கை எடு. இதை எடுக்காமல் விட்டுவிட்டுத்தான் பல பேர் ‘ஒண்ணுமே தெரியலை’ என்கிறார்கள். வைரஸ் அந்த ஃபோல்டரை சிஸ்டம் ஃபைல் என்று குறித்து வைத்திருக்கும். இப்போது பெயரில்லாத ஃபோல்டர் மங்கலாகத் தெரியும். அதைத் திறந்து உன் டாக்குமென்ட், பிடிஎஃப், படங்களை மட்டும் கம்ப்யூட்டருக்கு காப்பி செய். விபிஎஸ், ஜேஎஸ், இஎக்ஸ்இ, எல்என்கே என்று முடிகிற எதையும் எடுக்காதே. காப்பி செய்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ஸ்கேன் செய். பிறகு பென்டிரைவை ஃபார்மேட் பண்ணிவிடு. கடையில் பழைய மெஷின் இருக்கலாம் என்பதால் ஃபேட்32 வடிவமே வசதி.

வீட்டு மெஷினில் ஏற்கெனவே அந்த ஷார்ட்கட்டைக் கிளிக் செய்திருந்தால், பென்டிரைவை மட்டும் சுத்தம் செய்வது வீண். திரும்பச் செருகிய நிமிஷமே ஷார்ட்கட் வந்துவிடும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ போய் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடு. மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே தேடும். சுமார் 15 நிமிஷம் ஆகும்.

இனிமேல் ஜெராக்ஸ் கடைக்கென்றே சின்னதாக ஒரு பென்டிரைவ் வைத்துக்கொள். பிரிண்ட் எடுக்க வேண்டிய ஒரே ஒரு பிடிஎஃப் மட்டும் அதில் போகட்டும், வந்ததும் திறந்து பார்க்காமல் ஃபார்மேட். டிஃபெண்டர் முழு ஸ்கேன் செய்யும்போதுகூட பென்டிரைவை வழக்கமாகச் சேர்த்துக்கொள்ளாது. நாம்தான் ரைட் கிளிக் செய்து சொல்ல வேண்டும்.

கொடுங்கையூர்: அவாஸ்ட் நல்லதா, ஏவிஜி நல்லதா?

இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 2016-இல் ஏவிஜியை அவாஸ்ட் வாங்கியது. இன்று நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நாலுமே ஜென் டிஜிட்டல் என்ற ஒரே கம்பெனியிடம் இருக்கின்றன. இலவசப் பதிப்பில் விளம்பரத் தொல்லை அதிகம். அவாஸ்ட் தன் பயனாளர்களின் பிரவுசிங் விவரங்களைத் துணை நிறுவனம் வழியாக விற்ற விவகாரத்தில், அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024-இல் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. டிஃபெண்டர் இருக்கும்போது இலவசத்துக்காக இவற்றைத் தேடிப்போக எனக்குக் காரணம் தெரியவில்லை.

பெரம்பூர்: இந்திய கம்பெனி ஆன்டிவைரஸ் வாங்கலாமா? பாக்ஸா, ஆன்லைனா?

தாராளமாக. கே7 நம் சென்னைக் கம்பெனி, 1991-இல் தொடங்கியது. குயிக் ஹீல் புனேக்காரர்களுடையது. இங்கே சுற்றுகிற பென்டிரைவ் வைரஸ்கள் இவர்களுக்கு நல்ல பழக்கம். விலைப்பட்டியலில் மேலே போகப் போக விபிஎன், ட்யூன்-அப், டார்க் வெப் கண்காணிப்பு என்று அடுக்குவார்கள். அடிப்படைப் பதிப்பிலேயே வைரஸ் தேடும் எஞ்சின் அதேதான், மேல்தட்டுப் பதிப்புக்குக் கூடுதலாகக் கொடுப்பது பெரும்பாலும் அலங்காரத்துக்கு.

பாக்ஸ் வாங்கினால் உள்ளே கீ மறைத்திருக்கும் இடம் சுரண்டப்படாமல் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வருஷக் கணக்கு நீங்கள் ஆக்டிவேட் செய்யும் நாளிலிருந்துதான் ஓடும். பழைய ஆன்டிவைரஸுக்கு இரண்டு மாதம் மீதி இருந்தால் புதுசைப் பிரிக்காமல் வையுங்கள். ஆன்லைனில் வாங்கினால் ஆட்டோ-ரினியூவல் டிக்கை எடுத்துவிடுங்கள். முதல் வருஷத் தள்ளுபடி இரண்டாம் வருஷம் இருக்காது. பாதி விலைக்கு கீ விற்கிற தெரியாத சைட் வேண்டாம். வேறு நாட்டு கீயாக இருந்தால் இங்கே ஏறாமல் போகலாம்.

மூலக்கடை: பாதுகாப்புக்கு ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டு வெச்சிருக்கேன். மெஷின் நகரவே மாட்டேங்குது.

நகராது. நீங்கள் ஒரு ஃபைலைத் திறந்தால் ஒன்று அதைப் பிடித்துச் சோதிக்கும், அது சோதிப்பதை மற்றது சோதிக்கும். ஒன்றை எடுங்கள். ரியல்-டைம் காவலுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாவது கருத்து வேண்டுமானால் மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பை எப்போதாவது ஓட்டலாம். முதலில் 14 நாள் ட்ரையலாக எல்லா வசதியும் வரும், பிறகு நாம் ஓட்டினால் மட்டும் ஸ்கேன் செய்யும்.

மூலக்கடைக்காரரே மறுபடியும்: ஒண்ணை எடுத்துட்டேன். லேப்டாப்போட வந்த ட்ரையல் அது. ஆனாலும் ‘எக்ஸ்பயர்டு’னு கத்துது. டிஃபெண்டரும் ஆன் ஆகலை.

மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனியாக ஒரு ரிமூவல் டூல் உண்டு. அந்தந்தக் கம்பெனியின் சைட்டில் மட்டும் இறக்கி ஓட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேறு ஆன்டிவைரஸ் இல்லை என்று தெரிந்ததும் டிஃபெண்டர் தானாக விழித்துக்கொள்ளும். ட்ரையல் முடிந்த ஆன்டிவைரஸை அப்படியே விட்டு வைப்பதுதான் ஆபத்து. தானும் அப்டேட் ஆகாது, சில சமயம் டிஃபெண்டரையும் எழ விடாது.

திருவொற்றியூர்: 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். ஆன் பண்ணி அரை மணி நேரம் டிஸ்க் 100 சதவீதம் காட்டுது. டாஸ்க் மேனேஜர்ல ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ்’னு வருது. டிஃபெண்டரை ஆஃப் பண்ணிடலாமா?

வேண்டாம். மெஷின் சும்மா இருக்கும் நேரத்தில்தான் அது ஸ்கேனையும் அப்டேட்டையும் செய்யப் பார்க்கிறது. வேலை முடிந்த கையோடு ஆஃப் செய்கிற வீட்டில் அந்த நேரம் கிடைப்பதே இல்லை. எல்லாம் சேர்ந்து, அடுத்த முறை ஆன் செய்ததும் மொத்தமாகக் கிளம்புகிறது. வாரத்தில் ஒரு நாள் சாப்பிடப் போகும்போது ஒரு மணி நேரம் ஓடவிட்டு விடுங்கள். ஸ்லீப் மோடுக்குப் போகாதபடி செட் செய்யுங்கள்.

நிஜமான மருந்து எஸ்எஸ்டி, அதாவது ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க். ஆன்டிவைரஸுக்கு ஒதுக்கிய பணத்தை அதில் போடுங்கள். 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போதும், பழைய ஹார்டு டிஸ்க்கை பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

கொருக்குப்பேட்டை: அசெம்பிள்டு சிஸ்டம். விண்டோஸ் போட்டு ‘ஆக்டிவேட்’டும் பண்ணிக் கொடுத்தாங்க. டிஃபெண்டர் ஆன்லதான் இருக்கு. ஆனா ஏதோ ஏதோ பாப்-அப் வருது.

இதில்தான் நிறைய வீடுகள் ஏமாந்து நிற்கின்றன. திருட்டுத்தனமாக ஆக்டிவேட் செய்யும் டூலை டிஃபெண்டர் பிடித்துவிடும் என்பதால், அதைப் போடுபவர்கள் முதலில் விலக்குப் பட்டியலில் கைவைப்பார்கள். ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ பக்கத்தின் அடியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ இருக்கிறது, திறந்து பாருங்கள். அங்கே நீங்கள் சேர்க்காத ஏதாவது ஃபோல்டர் இருக்கிறதா? சில மெஷின்களில் சி டிரைவ் முழுவதுமே அந்தப் பட்டியலில் இருக்கும். அப்போது பச்சை டிக் எரியும், ‘நோ த்ரெட்ஸ்’ என்று காட்டும், ஆனால் வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

செட்டிங்குகளைத் தொட முடியாமல், ‘உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் நிர்வகிக்கிறார்’ என்று வந்தால் பாலிசியிலேயே பூட்டி வைத்திருக்கிறார்கள். அதை நோண்டுவதைவிடப் புதிதாக விண்டோஸ் போடுவது மேல். வேறொரு நல்ல மெஷினில் மைக்ரோசாஃப்ட் சைட்டிலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றுங்கள். அந்தப் பென்டிரைவில் இருப்பது எல்லாம் அழியும், முன்பே எடுத்து வையுங்கள். லைசென்ஸ் வாங்கும் வரை ஆக்டிவேட் ஆகாமல் மூலையில் வாட்டர்மார்க் இருந்தாலும் செக்யூரிட்டி அப்டேட் வரும், டிஃபெண்டரும் வேலை செய்யும்.

ராயபுரம், இல்லத்தரசி: ஸ்க்ரீன் மூலையில ‘உங்க மெக்காஃபி முடிஞ்சிடுச்சு, 5 வைரஸ் இருக்கு’ன்னு வந்துகிட்டே இருக்குது தம்பி. நாங்க அதைப் போடவே இல்லையே.

அம்மா, அது ஆன்டிவைரஸும் இல்லை, வைரஸும் இல்லை. ஏதோ ஒரு சைட் ‘நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா’ என்று கேட்டபோது யாரோ ‘அலவ்’ அழுத்தியிருக்கிறார்கள். குரோமில் செட்டிங்ஸ், ‘ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’. அனுமதித்த பட்டியலில் தெரியாத சைட்டுகளை எல்லாம் நீக்குங்கள். அத்தோடு நின்றுவிடும்.

திரை முழுக்க மறைத்து ஒரு போன் நம்பரோடு எச்சரிக்கை வந்தால் அந்த நம்பருக்குக் கூப்பிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கையில் போன் நம்பர் போடுவதில்லை. எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். பிறகு பிரவுசரை மூடுங்கள்.

மணலி: அந்த மாதிரி நம்பருக்கு அப்பா கூப்பிட்டுட்டார். எனிடெஸ்க் போட வெச்சு அரை மணி நேரம் மெஷின்ல இருந்தாங்க. ஆன்டிவைரஸ் ஏன் தடுக்கலை?

எனிடெஸ்க் என்பது தூரத்திலிருந்தே இன்னொரு மெஷினை இயக்க உதவும், ஆபீஸ்களில் தினமும் பயன்படுகிற முறையான சாஃப்ட்வேர். உங்கள் அப்பாவே அனுமதி கொடுத்திருக்கிறார், ஆன்டிவைரஸ் இதைப் பொதுவாக வைரஸ் என்று பிடிக்காது. உடனே நெட்டைத் துண்டியுங்கள். வேறு போனிலிருந்து பேங்குக்குப் பேசி நெட்பேங்கிங்கை முடக்குங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், இதில் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன் தடுத்தால்தான் உண்டு. மெயில் பாஸ்வேர்டை அந்த மெஷினில் மாற்றாதீர்கள், வேறொன்றில் மாற்றுங்கள். அதன் பிறகுதான் எனிடெஸ்க்கை நீக்குவது, ஆஃப்லைன் ஸ்கேன் எல்லாம். கூடுமானால் விண்டோஸையே புதிதாகப் போடுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை: விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சதாமே. நல்ல ஆன்டிவைரஸ் போட்டுட்டா கவலை இல்லையா?

கவலை இருக்கிறது. 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஆன்டிவைரஸ் உள்ளே வருபவனைப் பிடிக்கப் பார்க்கும். சுவரில் விழுந்த ஓட்டையை அடைப்பது விண்டோஸ் அப்டேட்டின் வேலை. 2017 மே 12-இல், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வெளிவந்திருந்தது. அந்த அப்டேட்டைப் போட்ட மெஷின்களில் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய முடியவில்லை.

விண்டோஸ் 11 ஏறுமா என்று ‘பிசி ஹெல்த் செக்’ ஆப்பில் பாருங்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசசரும் வேண்டும். இல்லையென்றால் மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை செக்யூரிட்டி அப்டேட் உண்டு. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும், ஆனால் அது மட்டும் ஓட்டையை அடைக்காது.

எண்ணூர்: ஸ்கூல்ல கொடுத்த விலையில்லா லேப்டாப். விண்டோஸ் 7, 2 ஜிபி ரேம்.

ஆன்டிவைரஸுக்குச் செலவு செய்யாதீர்கள். விண்டோஸ் 7-க்கான அப்டேட் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது, குரோமும் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், 2 ஜிபியில் மெதுவாகவாவது ஓடும். பேங்க் வேலையை விண்டோஸ் 7-இல் செய்யவே வேண்டாம்.

காசிமேடு: போட்டோ எல்லாம் கம்ப்யூட்டர்லதான். ரான்சம்வேர் வந்தா?

விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ்’ என்று ஒன்று உண்டு, வழக்கமாக ஆஃபில் இருக்கும். ஆன் செய்தால் அறிமுகமில்லாத நிரல்கள் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் கைவைக்க முடியாது. பழைய போட்டோ எடிட்டர் ஏதாவது ‘சேவ் ஆகவில்லை’ என்று அடம் பிடிக்கும். அதை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள், மொத்தத்தையும் ஆஃப் செய்யாதீர்கள்.

அதைவிட முக்கியம் வெளி ஹார்டு டிஸ்க். காப்பி முடிந்ததும் கேபிளைக் கழற்றுங்கள். எப்போதும் செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

மாதவரம்: ஆன்டிவைரஸ் வேலை செய்யுதான்னு டெஸ்ட் பண்ண வழி உண்டா?

உண்டு. ஐகார் என்ற அமைப்பின் சைட்டில் சோதனைக்கென்றே ஒரு ஃபைல் கிடைக்கும். வெறும் 68 எழுத்துகள், எந்தத் தீங்கும் செய்யாது, ஆனால் அநேகமாக எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸாக நடத்தும்படி ஏற்பாடு. இறக்கியதுமே அலறி, ஃபைலைத் தூக்கிவிட வேண்டும். சத்தமே இல்லாமல் டவுன்லோட்ஸில் வந்து உட்கார்ந்தால், கொருக்குப்பேட்டைக்காரருக்குச் சொன்ன எக்ஸ்க்ளூஷன்ஸ் பக்கத்தை நீங்களும் திறந்து பாருங்கள்.