பைபாஸுக்குப் பிறகு வரும் மூளை மந்தம் பரம்பரையாக வருமா?

பைபாஸ் முடிந்து பல மாதங்கள் உங்கள் அப்பாவுக்கு மறதியும் குழப்பமும் இருந்தன, இப்போது உங்களுக்கு வால்வு ஆபரேஷன், முன்கூட்டியே ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்காக மட்டும் என்றால் எடுக்க வேண்டாம் என்பேன். நான் டாக்டர் இல்லை. பைபாஸ் செய்துகொண்டவன். எனக்கும் மந்தம் வந்தது: படித்த பக்கத்தையே திரும்பப் படிப்பேன், பேச்சு பாதியில் அறுந்துபோகும். என் அண்ணனுக்கும் அதே ஆபரேஷன்தான் நடந்தது, அவருக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரே பெற்றோருக்குப் பிறந்த எங்களுக்குள் ஏன் இந்த வித்தியாசம் என்று தேடித்தான் இந்த விஷயத்தில் இறங்கினேன்.

அதிகம் பேசப்படுவது ஏ.பி.ஓ.இ. ஜீன். அதன் ஈ4 வடிவம் அல்சைமர் என்ற மறதி நோயின் அபாயத்தைக் கூட்டும் என்பது உறுதியான விஷயம். இதய ஆபரேஷனுக்குப் பிறகு வரும் மந்தத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று 1997-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் அதில் இருந்தவர்கள் 65 பேர்தான். 2004-இல், இதயம் அல்லாத மற்ற ஆபரேஷன்கள் செய்துகொண்ட 976 பேரைப் பார்த்தபோது அந்தத் தொடர்பு தென்படவில்லை. இதய நோயாளிகளிடம் நடந்த பிந்தைய ஆய்வுகளும் ஒரே பதிலைத் தரவில்லை. போதாக்குறைக்கு, அதே ஈ4 கெட்ட கொழுப்பையும் ஏற்றக்கூடியது. அதைச் சுமப்பவர் முதலில் இதய நோயாளியாகவே வந்து சேர வாய்ப்பு இருக்கிறதே, எதை எதன் மேல் பழி போடுவது?

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறொரு ஆய்வு. 2007-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு இதய ஆபரேஷன் செய்துகொண்ட 513 பேரின் ஜீன்களைப் பார்த்தது. உடலின் அழற்சியோடு, அதாவது காயத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினையோடு, தொடர்புள்ள சி.ஆர்.பி., பி-செலக்டின் ஆகிய இரண்டு ஜீன்களிலும் அரிதான வடிவம் கொண்டவர்களில் சுமார் 17 சதவீதத்தினருக்குத்தான் அறிவாற்றல் குறைந்தது. வழக்கமான வடிவம் உள்ளவர்களில் அது சுமார் 43 சதவீதம். மார்பைத் திறப்பது, ரத்தம் இதய-நுரையீரல் இயந்திரத்தின் வழியாக ஓடுவது, இரண்டுமே உடம்பில் பெரிய அழற்சியைக் கிளப்பும். அதற்கு ஒருவர் உடம்பு எவ்வளவு எகிறுகிறது என்பதில் பிறப்பின் பங்கு இருப்பது நம்பும்படியாகவே இருக்கிறது. ஆனாலும் இதை வைத்து ஒரு தனி ஆளுக்கு ஆரூடம் சொல்ல முடியாது. டெஸ்ட்டில் என்ன வந்தாலும் உங்கள் ஆபரேஷன் மாறப்போவதில்லை.

இன்னொன்று. பைபாஸ் செய்தவர்களில் 53 சதவீதம் பேர் டிஸ்சார்ஜ் ஆகும்போதும், 24 சதவீதம் பேர் ஆறு மாதத்திலும், 42 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகளிலும் மந்தமாக இருந்ததாக 2001-இல் அதே டியூக்கிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அந்தக் கடைசி எண் பலரைக் கலங்கடித்தது. பிறகு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு, ஆபரேஷனே செய்யாத இதய நோயாளிகளையும் கூடவே வைத்து ஆறு ஆண்டுகள் பார்த்தது. இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சரிந்தன. அதாவது, நாள்பட்ட சரிவில் ஆபரேஷனைவிட ரத்தக்குழாய் நோய்க்கும் வயதுக்கும்தான் பங்கு அதிகம். உங்கள் அப்பாவின் சர்க்கரை, பிரஷர் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. இதில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

குடும்ப வரலாறே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. மயக்க மருந்து கொடுத்தபோது குடும்பத்தில் யாருக்காவது காய்ச்சல் பயங்கரமாக ஏறியதா, தசைகள் விறைத்தனவா, ஆபரேஷன் முடிந்தும் மணிக்கணக்கில் மூச்சு திரும்பாமல் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். இவை மூளை மந்தத்தோடு சேர்ந்தவை அல்ல. ஆனால் இவற்றுக்குப் பின்னால் உண்மையிலேயே பரம்பரைக் கோளாறு இருக்கக்கூடும், தெரிந்தால் மயக்க மருந்து டாக்டர் மருந்தையே மாற்றிவிடுவார். கோடீன், டிராமடால் சாப்பிட்டு யாராவது அளவுக்கு மீறி மயங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த மருந்துகளை உடம்பு கையாளும் விதமும் ஜீனைப் பொறுத்தது.

மற்றபடி, ஆபரேஷனுக்கு முன்பே ஒரு ஞாபகப் பரிசோதனை செய்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு அப்படி ஒன்று இல்லாததால், எவ்வளவு குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வழக்கமாகத் தூக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கண்ணாடி, காதுக் கருவி இருந்தால் ஐ.சி.யூ.வில் கண் விழித்ததும் கைக்கு வரும்படி வீட்டாரிடம் கொடுத்து வையுங்கள்.