ஜாவா 8 முதல் 25 வரை: வேலை, சான்றிதழ், படிப்பு – கேள்வி பதில்

பி.இ. இறுதியாண்டு: சார், கேம்பஸ் இன்டர்வியூக்கு முன்னாடி ஒரு ஜாவா சர்ட்டிபிகேஷன் முடிச்சிடலாம்னு இருக்கேன். எதை எழுதறது?

சொந்தக் காசு என்றால் அவசரம் வேண்டாம். வேலையில் சேர்ந்தபின் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தரும் நிறுவனங்கள் உண்டு. எழுதியே தீருவது என்றால் ஆரக்கிளின் ஜாவா எஸ்இ 21 டெவலப்பர் தேர்வை எழுதுங்கள். 830 என்று முடியும் எண். 50 கேள்வி, 120 நிமிடம், தேர்ச்சிக்கு 68 சதவீதம், அதாவது 34 விடை சரியாக வேண்டும். 808, 809 இரண்டும் ஜாவா 8-க்கானவை. பழைய புத்தகம் மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கான்செப்ட் தெரியாமல் தோற்பவர்கள் குறைவு. 'இது கம்பைல் ஆகுமா?' என்ற கேள்விகளில்தான் மதிப்பெண் போகிறது. ஐடிஇ (கோட் எழுதும் மென்பொருள்) போடும் சிவப்புக் கோட்டையே நம்பிப் பழகிய கண்ணுக்குத் தேர்வுத் திரையில் பிழை தெரியாது. நோட்பேடில் எழுதுங்கள், விடையை முதலில் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு கமாண்ட் லைனில் கம்பைல் செய்து பாருங்கள்.

அடிக்கடி வரும் பொறிகள் சில. ஆட்டோபாக்ஸ் ஆன (இன்ட் மதிப்பு தானாகவே ஆப்ஜெக்டாக மாறிய) இரண்டு இன்டிஜர்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் 127-க்கு ட்ரூ, 128-க்கு ஃபால்ஸ். மைனஸ் 128 முதல் 127 வரைதான் கேஷில் இருக்கும் என்பதே காரணம். லிஸ்ட்.ஆஃப் தந்த பட்டியலில் எதையும் சேர்க்க முடியாது. அதற்குள் நல் வைத்தால் உருவாகும்போதே நல் பாயின்டர். டெர்மினல் ஆபரேஷன் இல்லாத ஸ்ட்ரீம் ஓடவே ஓடாது. பேட்டர்ன் ஸ்விட்சில் பொதுவான டைப் மேலேயும் குறிப்பான டைப் கீழேயும் இருந்தால் கம்பைல் ஆகாது.

டம்ப் (கசிந்த கேள்வி-விடைத் தொகுப்பு) வாங்கி மனப்பாடம் செய்தால் பாஸ் ஆகலாம். இன்டர்வியூவில் 'ஏன்?' என்று ஒரே ஒரு கேள்வி வந்தால் சாயம் வெளுத்துவிடும்.

2009-ல் எஸ்சிஜேபி முடித்தேன். இப்போதும் ரெஸ்யூமில் போடலாமா?

போடலாம், அதற்குக் காலாவதி கிடையாது. அந்த ஜாவா சான்றிதழைத் தந்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2010-ல் ஆரக்கிளிடம் போனபின் சான்றிதழின் பெயர்தான் மாறியது. பக்கத்தில் வெர்ஷனையும் எழுதுங்கள். ஒரு வரி போதும், அதையும் கடைசிப் பக்கத்தில் வையுங்கள்.

பதினோரு வருஷ அனுபவம், முழுக்க ஜாவா 8 ப்ராஜெக்ட். வெளியில் எல்லாரும் 17, 21 கேட்கிறார்கள். என்ன செய்வது?

உங்கள் ப்ராஜெக்டையே மேலே ஏற்றுங்கள். எந்தச் சான்றிதழைவிடவும் அது ரெஸ்யூமில் கனமாக நிற்கும். மேனேஜர் நேரம் தரவில்லை என்றால் தனி பிராஞ்சில் ஒரு சர்வீஸை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, 8-இல் இருந்தபடியே லைப்ரரிகளைப் புதுப்பிப்பது. லோம்பாக்கும் மோக்கிட்டோவும் பழையதாக இருந்தால் 17-இல் பில்டே நின்றுவிடும். அடுத்து ஜேடெப்ஸ் கருவியை ஓட்டினால் ஜேடிகேயின் (ஜாவா டெவலப்மென்ட் கிட்) உள் கிளாஸ்களை யார் யார் தொடுகிறார்கள் என்று பட்டியல் தரும்.

11-இல் ஜாக்ஸ்பி (எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்டாக மாற்றும் லைப்ரரி) ஜேடிகேயிலிருந்து நீக்கப்பட்டது. கிளாஸ் கிடைக்கவில்லை என்று எரர் வந்தால் அதைத் தனி டிபென்டென்சியாகச் சேர்க்க வேண்டும். இங்கே 2.3 வரிசையை எடுங்கள். 3.0-இல் பேக்கேஜ் பெயரே ஜகார்த்தா என்று மாறிவிட்டது, பழைய இம்போர்ட்டுகள் எதுவும் வேலை செய்யாது. 17-இல் ரிஃப்ளெக்‌ஷன் வழியாக ஜேடிகேக்குள் நுழையும் கதவுகள் மூடப்பட்டன. ஆட் ஓப்பன்ஸ் ஆப்ஷன் கொடுத்து ஓட்டலாம், ஆனால் அது தற்காலிக ஒட்டு. எந்த லைப்ரரிக்காகக் கொடுத்தீர்கள் என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

கோடெல்லாம் சரி, சர்வர் மட்டும் எழவே இல்லை என்றால் ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்டைப் பாருங்கள். ஜிசி (வேண்டாத மெமரியைச் சுத்தம் செய்யும் கார்பேஜ் கலெக்டர்) பற்றிய பழைய லாக் ஆப்ஷன்களில் சிலவும், சிஎம்எஸ் என்ற பழைய ஜிசியின் ஆப்ஷனும் 17-க்குத் தெரியாதவை. ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் தொடங்காமலே வெளியேறிவிடும்.

ஸ்பிரிங் பூட் (சர்வர் பக்க ஃபிரேம்வொர்க்) 2.7-ஐ 17-இல் ஓடவைத்து, புரொடக்‌ஷனுக்கு அனுப்பி, சில வாரம் கவனித்த பிறகே பூட் 3-க்குப் போங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது எதை உடைத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. பூட் 3-இல் ஜாவாக்ஸ் என்பது ஜகார்த்தா ஆகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஃபைண்ட் ரீப்ளேஸ் போடாதீர்கள்: சர்வ்லெட், பெர்சிஸ்டன்ஸ், வேலிடேஷன் மாறும், எஸ்க்யூஎல், கிரிப்டோ ஜேடிகேயைச் சேர்ந்தவை, மாறாது.

ஜாவா 18 முதல் டீஃபால்ட் கேரக்டர் செட் யூடிஎஃப்-8. விண்டோஸ் சர்வரில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாக மாறிய தொல்லை இதனால் குறையும். ஆனால் பழைய என்கோடிங்கில் சேமித்த ஃபைல்களைப் படிக்கும் இடங்களில் கேரக்டர் செட்டை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

இன்டர்வியூல ஹேஷ்மேப் பத்திக் கேட்டா எவ்வளவு ஆழமா சொல்லணும் அண்ணா?

தொடக்கம் 16 பக்கெட், லோட் ஃபேக்டர் 0.75 (முக்கால் பங்கைத் தாண்டினால் டேபிள் பெருகும்), 13-ஆவது என்ட்ரியில் 32 ஆகும். இது வரை எல்லாரும் சொல்வார்கள். ஜாவா 8 முதல் ஒரே பக்கெட்டில் சங்கிலி எட்டைத் தாண்டினால் அது மரமாக மாறும், ஆனால் டேபிள் 64-ஐ எட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் டேபிள்தான் பெருகும். இதைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். 1000 என்ட்ரிக்கு கன்ஸ்ட்ரக்டரில் 1000 என்று கொடுத்தால் 1024 பக்கெட் கிடைக்கும், 768-ஐத் தாண்டியதும் மறுபடி ரீசைஸ். இதற்காகவே 19-இல் நியூஹேஷ்மேப் என்ற மெத்தட் வந்தது.

கீயாகப் போட்ட ஆப்ஜெக்டின் ஃபீல்டை, ஹேஷ்கோட் மாறும்படி பிறகு மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஆறு வருஷமா புரொடக்‌ஷன் சப்போர்ட். டெவலப்பர் ஆக முடியுமா?

டெவலப்பர் பலருக்கு இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: விழுந்த சர்வரைப் பார்த்த பழக்கம். அதைக் கூர்மையாக்குங்கள். சர்வர் தொங்கும்போது ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் ஜேகமாண்ட் கருவியால் பத்து விநாடி இடைவெளியில் மூன்று த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்ற பதிவு) எடுங்கள். மூன்றிலும் ஒரே த்ரெட் ஒரே வரியில் நின்றால் அங்கேதான் சிக்கல்.

கன்டெய்னர் 137 என்ற கோடோடு செத்தால், மெமரி லிமிட்டைத் தாண்டியதால் வெளியிலிருந்து கொல்லப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். லாகில் அவுட் ஆஃப் மெமரி எரர் வந்தால் அது ஜேவிஎம் தானே சொன்னது, அது வேறு. லிமிட் 2 ஜிபி, ஹீப்பும் (ஆப்ஜெக்டுகளுக்கான மெமரி) 2 ஜிபி என்று வைத்தால் முதல் வகைச் சாவு நிச்சயம். மெட்டாஸ்பேஸ், த்ரெட் ஸ்டாக், டைரக்ட் பஃபர் எல்லாம் ஹீப்புக்கு வெளியே. எதுவும் சொல்லாவிட்டால் ஜேவிஎம் ஹீப்புக்கு லிமிட்டில் கால் பங்குதான் எடுக்கும், அது வீண். மேக்ஸ் ரேம் பர்சென்டேஜை 70-இல் தொடங்கிப் பாருங்கள்.

இதோடு வாரம் ஒரு சின்ன பக் ஃபிக்ஸைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். கமிட் ஹிஸ்டரியில் பெயர் வந்தபின் ரோல் மாற்றம் கேட்பது சுலபம்.

ஆறு மாதத்துக்கு ஒரு ரிலீஸ். எப்படி ஈடுகொடுப்பது?

ஈடுகொடுக்கவே வேண்டாம். மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஜெப் (ஜாவா மாற்றங்களுக்கான முன்மொழிவுகள்) பட்டியலை ஒருமுறை வாசியுங்கள். பிரிவியூ (இன்னும் உறுதியாகாத சோதனை நிலை) என்று இருந்தால் தெரிந்துகொண்டு நகருங்கள். ஸ்ட்ரிங் டெம்ப்ளேட்ஸ் 21, 22 இரண்டிலும் பிரிவியூவாக வந்து, 23-இல் திரும்பப் பெறப்பட்டது. அதைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு நேரம்தான் நஷ்டம். கையால் எழுதிப் பழக வேண்டியது எல்டிஎஸ் (நீண்ட காலம் ஆதரவு கிடைக்கும்) வெர்ஷன்களில்: 17, 21, 25.

கோட்லினுக்கு மாறிடலாமா?

ஆண்ட்ராய்டு என்றால் மாறுங்கள், 2019 முதல் கூகுளே அதைத்தான் முதலில் வைக்கிறது. சர்வர் பக்கம் என்றால் டீம் எதில் எழுதுகிறதோ அதில்.

விர்ச்சுவல் த்ரெட் ஆன் பண்ணதும் டேட்டாபேஸ் டைம்அவுட் எக்கச்சக்கமா வருது. ஏன்?

விர்ச்சுவல் த்ரெட் என்பது ஆயிரக்கணக்கில் உருவாக்கக்கூடிய இலகுவான த்ரெட். த்ரெட் பூல் 200 என்று இருந்தபோது அதுவே ஒரு தடுப்பாக இருந்தது. இப்போது பல ஆயிரம் ரிக்வெஸ்ட் ஒரே நேரத்தில் ஹிக்காரி என்ற டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூலின் வாசலில் நிற்கின்றன. டீஃபால்ட்டாக அங்கே 10 கனெக்‌ஷன், 30 விநாடிக்குள் கிடைக்காவிட்டால் எரர். பூலை 500 ஆக்கினால் நெரிசல் டேட்டாபேஸுக்கு இடம் மாறும், அவ்வளவே. டேட்டாபேஸைத் தொடும் வழியில் ஒரு செமஃபோர் வைத்து எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துங்கள். விர்ச்சுவல் த்ரெட்டுகளைப் பூலில் போட்டு வைக்கவும் கூடாது, வேலைக்கு ஒன்று என்று உருவாக்கி விட்டுவிட வேண்டும். 21-இல் இருந்தால் இன்னொன்றும் பாருங்கள்: சிங்க்ரனைஸ்டு பிளாக்குக்குள் காத்திருக்கும் த்ரெட் கீழே அதைச் சுமந்து ஓட்டும் கேரியர் த்ரெட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த இடங்களில் ரீஎன்ட்ரன்ட் லாக் போடுங்கள், அல்லது 25-க்குப் போங்கள். இந்தப் பிரச்சினை 24-இலேயே சரிசெய்யப்பட்டுவிட்டது. கணக்கு மட்டும் போடும் சிபியு வேலைக்கு விர்ச்சுவல் த்ரெட்டால் ஒரு லாபமும் இல்லை.