எடைக்குப் போகும் இதழ்கள்

அன்புள்ள ஐயா,

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் எங்களுக்கும் மின்னிதழ்கள் வர ஆரம்பித்துவிட்டன. "இனி அச்சிதழ் எதற்கு? சந்தாவை நிறுத்துங்கள். பழைய பைண்டு வால்யூம்களைக் கழித்துவிட்டால் ஒரு படிப்பறை கிடைக்கும்" என்கிறார்கள் கல்லூரியில். நியாயமாகத்தான் படுகிறது, ஆனால் மனசு ஒப்பவில்லை. இது வெறும் காகிதப் பாசமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதி பாசம்தான். சந்தாவை நிறுத்துவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அறிவியல் ஆய்விதழ்களை இப்போது யார் மேசையில் விரித்துப் படிக்கிறார்கள்? 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் கணினியில் திறக்கும்போது, அவற்றில் ஒன்றைத் தபாலிலும் வரவழைப்பது வீண் செலவு.

ஆனால் அரசு ஒதுக்கிய 6,000 கோடி ரூபாய் 2025 முதல் 2027 வரைக்குத்தான். நீட்டிப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஏதாவது ஒரு பதிப்பகத்தோடு விலை படியாமல் போனால்? கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கே அது நடந்தது. 2019இல் எல்சவியர் என்ற பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகத்தோடு பேச்சு முறிந்து, 2021இல்தான் சமரசம் ஆனது. இடையில் புதிய கட்டுரைகள் நேரடியாகக் கிடைக்கவில்லை. நிரந்தர உரிமையோடு வாங்கியிருந்த பழைய இதழ்கள்தான் கைகொடுத்தன. உங்களுக்கு அந்த உரிமை உண்டா என்று மேலே கேட்டு, எழுத்தில் வாங்கி வையுங்கள்.

சரி, பழைய வால்யூம்கள். இங்கே எல்லாரும் 'இணையத்தில் இருக்கிறதா' என்று மட்டும் பார்க்கிறார்கள். காகிதம் வேறு யாரிடம் இருக்கிறது என்பதல்லவா முதலில் பார்க்க வேண்டியது? பிரிட்டனில் 2007இல் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அலமாரிகளைக் காலி செய்யத் தொடங்கியபோது ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டன. பிரிட்டிஷ் நூலகத்தில் ஒரு பிரதி, வேறு இரண்டு நூலகங்களில் ஒவ்வொன்று. அது உறுதியான பிறகுதான் மற்றவர்கள் கழிக்கலாம். பழைய இதழ்களை மின்வடிவமாக்குவதையே தொழிலாகக் கொண்ட ஜேஸ்டோர்கூட ஹார்வர்டிலும் கலிபோர்னியாவிலும் காகிதத் தொகுப்பு வைத்திருக்கிறது.

இந்தக் கணக்கில் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' வால்யூம்களை நீங்கள் விட்டுவிடலாம். அவை ஜேஸ்டோரிலும் உண்டு, பல பெரிய நூலகங்களிலும் உண்டு. தமிழ்த்துறை எப்போதோ வாங்கிப்போட்ட சிற்றிதழ்கள், கல்லூரி ஆண்டு மலர்கள், உள்ளூர் அமைப்புகள் நடத்தி நின்றுபோன பத்திரிகைகள் கதை வேறு. 13,000இல் அவற்றைத் தேடிப் பிரயோசனமில்லை. கழிவுப் பட்டியல் போடும் முன் சென்னை ரோஜா முத்தையா நூலகத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் இப்படிச் சேர்த்து வைத்ததுதான் 1994இல் அந்த நூலகமானது.

அப்புறம், பைண்டு செய்யாமல் சணலில் கட்டிப் போட்ட இதழ்கள் இருந்தால் அவற்றை முதலில் பத்திரப்படுத்துங்கள். நம் பைண்டர்களில் பலர் அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்தெறிந்துவிட்டுத்தான் தைப்பார்கள். அந்தக் காலத்தில் அந்த ஊரில் என்ன விற்றது, என்ன விலைக்கு விற்றது என்பதெல்லாம் அதோடு குப்பைக்குப் போயிருக்கும்.

படிப்பறைக்கு இடம் வேண்டுமென்றால் வேதியியல் வால்யூம்களில் ஆரம்பியுங்கள். பழைய ஆண்டுகளும் கணினியில் திறக்கின்றனவா, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பிரதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தடிமனும் அவற்றுக்குத்தான் அதிகம், சீக்கிரம் இடம் காலியாகும்.