கடையில் பூத்துக் குலுங்கிய செடி வீட்டுக்கு வந்தபின் ஏன் பூப்பதில்லை?

சிங்கப்பூரின் செங்காங்கில் ஒன்பதாம் மாடியில் குடியிருப்பதாகவும், சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டும் கூடத்து மூலையில் வைத்த பீஸ் லில்லியும் முதல் பூக்கள் உதிர்ந்தபின் ஓராண்டாக வெறும் இலையோடு நிற்பதாகவும், இருமுறை உரம் மாற்றியும் பயனில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் தோட்டக்கலை படித்தவன் அல்லன். தோ பாயோவில் ஒரு பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பதினோரு ஆண்டுகளாகச் செடி வளர்த்து, அவற்றுள் பாதியைக் கொன்று கற்றுக்கொண்டதையே இங்கு எழுதுகிறேன். குறை பெரும்பாலும் உரத்தில் இல்லை. அந்த இரண்டு செடிகளும் பூத்தது நம் வீடுகளில் இல்லாத ஒரு சூழலில் என்பதுதான் உண்மையான காரணம்.

ஆர்க்கிட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். ஃபெலனாப்சிஸ் கலப்பினங்கள் பூந்தண்டு விடுவதற்குச் சில வாரங்கள் தொடர்ந்து ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான வெப்பநிலை தேவை. 28 டிகிரிக்கு மேல் வெப்பம் நீடித்தால் அவை இலையையும் வேரையும் வளர்த்துக்கொண்டு நலமாக இருக்குமே தவிர, பூக்க முனைவதில்லை. தைவான் போன்ற இடங்களில் குளிரூட்டிய குடில்களில் தண்டு விடவைத்து, மொட்டு மலரும் பருவத்தில் நமக்கு அனுப்புகிறார்கள். பகல் முழுவதும் சூடேறிய சிமெண்டுச் சுவர் நள்ளிரவிலும் வெப்பத்தை வெளிவிடும் நம் கூடத்தில் அதே செடிக்குக் குளிர் என்பதே தெரிய வழியில்லை. என்னிடம் ஒன்று மூன்று ஆண்டுகள் இப்படியே நின்றது. பிறகு அதைப் படுக்கையறையின் கிழக்குச் சன்னலுக்கு மாற்றினேன். அங்கு இரவில் குளிர்சாதனம் 24 டிகிரியில் ஓடும். காற்று நேரே படாதபடி திரையோரம் வைத்தேன். "என்ன மாப்பிள்ளை, பூவுக்கும் ஏசியா?" என்று மாமியார் கேட்டார். இரண்டு மாதம் கழித்து, இலைக்கக்கத்திலிருந்து கையுறை விரல் போன்ற மழுங்கிய நுனியுடன் ஒரு முளை வெளிவந்தது. வேர் உருண்டையாக நேரே நீளும். பூந்தண்டின் நுனி சற்றே தட்டையாக, மேல்நோக்கி வளையும். அந்த வேறுபாட்டை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

பீஸ் லில்லியின் கதை வேறு. கடைக்கு வருமுன் அதற்கு ஜிப்பரெலிக் அமிலம் என்னும் வளர்ச்சி ஊக்கி தெளிப்பது வணிக வழக்கம். அதனால்தான் இளஞ்செடிகள்கூட ஒரே நேரத்தில் பூத்து நிற்கின்றன. அந்த ஊக்கம் தீர்ந்தபின், செடி முதிர்ந்து தன் போக்கில் பூக்கக் காத்திருக்க வேண்டும். அதற்கு வெளிச்சமும் வேண்டும். நிழலில் வளரும் செடி என்று சொல்லி விற்கிறார்கள். நிழலில் அது உயிரோடு இருக்கும், அவ்வளவுதான்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் குறைவில்லை. குளிர் கேட்கும் ஆர்க்கிட் போன்றவற்றை விட்டுவிட்டால், பூக்கும் செடிக்கு வீட்டுக்குள் பெரும்பாலும் குறைவது ஒளிதான். கைப்பேசியில் ஒளியளக்கும் செயலி ஒன்றை நிறுவி ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு அளந்து பார்த்தேன். சன்னல் விளிம்பில் நேர் வெயில் 30,000 லக்ஸுக்கு மேல் காட்டியது. இரண்டு மீட்டர் தள்ளித் தொலைக்காட்சி மேசையின்மேல் அது 300ஐத் தாண்டவில்லை. நம் கண் அந்த இருட்டுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்வதால் கூடம் வெளிச்சமாக இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. மேலும், இணையத்தில் படிக்கும் "தெற்குச் சன்னலே சிறந்தது" என்னும் அறிவுரை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் உரியது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 1.3 டிகிரியில் இருப்பதால், ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் வடபுறம் சாய்ந்தும், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தென்புறம் சாய்ந்தும் செல்கிறது. ஆகவே வடக்குச் சன்னலில் ஆறு மாதம் நன்றாக இருந்த செடி அடுத்த ஆறு மாதம் சோர்ந்தால் அதற்கு நோய் என்று பதற வேண்டாம். எதிர்ச்சன்னலுக்கு மாற்றிப் பாருங்கள். கிழக்கு எல்லாவற்றிலும் வசதியானது. மேற்கு வெயில் மெல்லிய இலைகளைக் கருக்கிவிடும் என்பதால் மெல்லிய திரை இடுவது நல்லது. எதிர் புளோக் இருபது மீட்டரில் நின்றால் இந்தக் கணக்கெல்லாம் மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆசைப்பட்டு வாண்டா மிஸ் ஜோக்கிம் வாங்கிவிடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிக்கொள்கிறேன். 1981இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட, 1893இல் ஆக்னஸ் ஜோக்கிம் அம்மையாரின் பெயரால் உலகுக்கு அறிமுகமான அந்த ஆர்க்கிட், திறந்த வெளியில் முழு வெயிலில் கம்பம் பற்றி ஏறி நின்றால்தான் பூக்கும். நான் அதைச் சன்னலோரம் வைத்து ஒன்றரை ஆண்டு வீணாக்கினேன்.

தண்ணீர் விஷயத்தில் என் தவறுகள் இன்னும் அதிகம். என் முதல் பீஸ் லில்லி இலை தொங்கியபோதெல்லாம் தாகம் என்று எண்ணி நீர் ஊற்றினேன். கடைசியில் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது, வேர்கள் பழுப்பேறிக் குழைந்து, விரலால் இழுத்ததும் மேல்தோல் உறைபோலக் கழன்று உள்ளே நூல்போன்ற இழை மட்டும் எஞ்சியது. சாக்கடை வாடை அடித்தது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாததால், ஈரத்தில் நின்றுகொண்டே செடி வாடியிருக்கிறது. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) பிறகு கற்றுக்கொடுத்த முறை எளியது: நீர் ஊற்றியவுடன் ஒருமுறையும் மறுநாள்களில் ஒவ்வொரு முறையும் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், கை அந்த எடையை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடும்; தொட்டி லேசானபின் நீர் ஊற்றினால் போதும். மண் கலவையும் இறுகாமல் இருக்க வேண்டும். ஆந்தூரியத்துக்கு நான் தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, பெர்லைட் (வெண்ணிற எரிமலைக்கல் துகள்) ஆகியவற்றோடு கொஞ்சம் சுட்ட மண் சேர்க்கிறேன்.

தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ ஒரு வாரமே போதும். நான் அடித்தட்டே வைப்பதில்லை. குளியலறையில் நீர் ஊற்றி, வடிந்தபின் திரும்ப எடுத்து வைக்கிறேன். இறுகிப்போன மேல்மண்ணிலும் நீர் தேங்கும் என்பதால் அதையும் அவ்வப்போது கிளறிவிட வேண்டும்.

உரத்தில் ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். மெல்லக் கரையும் குறுணை உரத்தின் பொட்டலத்தில் "ஆறு மாதம்" என்றிருந்தால், அது பெரும்பாலும் 21 டிகிரி வெப்பத்தை வைத்துச் சொல்லப்படும் கணக்கு; நம் வெப்பத்தில் அது மிக விரைவில் தீர்ந்துவிடும், தொடக்கத்தில் அளவுக்கு மீறியும் வெளிப்படும். தழைச்சத்து மிகுந்த உரம் இலையை மட்டுமே பெருக்கும். என் மல்லிகை அப்படித்தான் கொடியாக ஓடிக்கொண்டிருந்தது. உரத்தை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்து, நான்கு மணி நேரம் வெயில் படும் தாழ்வார ஓரத்துக்கு மாற்றியதும், புதுத்தளிரின் நுனிகளில் மொட்டு கட்டியது. தேக்கா சந்தையில் வாங்கும் ஒரு முழம் பூவுக்கு அது ஈடாகாது. ஆனாலும் மாலையில் கதவைத் திறந்ததும் மணம் வரும். வாசலுக்கு வெளியே பொதுத் தாழ்வாரத்தில் வைப்பதானால் நடப்பதற்கு 1.2 மீட்டர் அகலம் விட்டாக வேண்டும். இரவெல்லாம் விளக்கெரியும் தாழ்வாரத்தில் கலஞ்சோவும் போயின்செட்டியாவும் மீண்டும் பூக்குமென எதிர்பார்க்காதீர்கள்; நீண்ட இருள் இருந்தால்தான் அவை மொட்டு விடும்.

உங்கள் பீஸ் லில்லியைக் கூடத்து மூலையிலிருந்து எடுத்து, வெயில் நேரே படாத சன்னலருகே, ஒரு மீட்டருக்குள் வைத்து, ஆறு மாதமாவது பொறுத்திருங்கள். ஆர்க்கிட்டுக்கு இரவில் குளிரூட்டும் அறை இருந்தால் அங்கே கொண்டுபோங்கள். இல்லையென்றால் அதை இலைச்செடியாக ஏற்றுக்கொண்டு, பூவுக்கு இந்த வெப்பத்திலேயே மலரும் டென்ட்ரோபியம் என்னும் ஆர்க்கிட் வகையின் கலப்பினம் ஒன்றை வாங்கி, காலை வெயில் நன்றாகப் படும் இடத்தில் வையுங்கள். ஹோயா வாங்கினால், பூ உதிர்ந்தபின் எஞ்சும் சிறு காம்பை அழுக்கென்று கிள்ளி எறிந்துவிடாதீர்கள். அடுத்த கொத்தும் அதே காம்பிலிருந்துதான் வரும்.