அரசு மானியம் சும்மா கிடைக்குமா? பெங்களூரு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கம்மனஹள்ளி வாசகி: வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, முறுக்கு செய்து அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் விற்கிறேன். பெரிய அரவை மிஷினும் பேக்கிங் மிஷினும் வாங்க அரசாங்கம் 10 லட்சம் சும்மா தருகிறதாமே, எங்கே அப்ளை செய்யணும் அண்ணா?

சும்மா யாரும் தருவதில்லை. நீங்கள் கேள்விப்பட்டது பிஎம்எஃப்எம்இ, 2020ல் வந்த குறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டம். 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம். சொல்பவர்கள் அந்த ‘அதிகபட்ச’த்தை மட்டும் விழுங்கிவிட்டுச் சொல்கிறார்கள். கர்நாடகத்தில் மாநில அரசு இதற்கு மேல் 15 சதவீதம் சேர்ப்பதால் 50 சதவீதம் வரை போகும், உச்சவரம்பு 15 லட்சம்.

ஆனால் இது பேங்க் கடனோடு கட்டிப்போட்ட மானியம். மிஷின்கள் 6 லட்சம் என்று வையுங்கள். குறைந்தது 10 சதவீதம், அதாவது 60 ஆயிரம் உங்கள் கையிலிருந்து போக வேண்டும், மீதி 5 லட்சத்து 40 ஆயிரம் கடன். 50 சதவீதக் கணக்கில் 3 லட்சம் மானியம் வருகிறது, ஆனால் உங்கள் கைக்கு வராது, பேங்கிலேயே தனியாக நிற்கும். மூன்று வருடம் தொழில் ஓடி, தவணையும் தவறாமல் இருந்தால் கடனில் கழித்துக்கொள்வார்கள். நடுவில் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போனால் அந்தப் பணமும் போச்சு. மளிகைச் சரக்கு வாங்கும் நடைமுறை மூலதனத்துக்கும் மானியம் கிடையாது, மிஷினுக்குத்தான்.

அவசரப்பட்டு கைக்காசில் மிஷினை முன்னாலேயே வாங்கிவிடாதீர்கள். வாங்கிவிட்ட பொருளுக்குக் கடன் இல்லை, கடன் இல்லாவிட்டால் மானியமும் இல்லை. முதலில் கொட்டேஷன் மட்டும். அதற்குள் உணவுப் பாதுகாப்புப் பதிவு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இரண்டையும் முடித்து வையுங்கள். வாடகை வீடு என்றால் ஓனரிடம் ஒப்புதல் கடிதமும் வேண்டும், உண்மையில் பல பேர் சிக்குவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் மூணு ஃபேஸ் கரண்ட் கேட்டதும் ஓனர் முகம் மாறிவிடும். விண்ணப்பம் நிரப்ப மாவட்டத்துக்கு டிஆர்பி என்று ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அரசே பணம் தருகிறது, நீங்கள் தர வேண்டாம். திட்டக் காலம் 2025-26 வரை என்றுதான் வைத்திருந்தார்கள், அதனால் போர்ட்டல் இப்போது திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்ற வேலையை ஆரம்பியுங்கள்.

பீன்யா வாசகர்: ஆறு வருடமாக சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் இயக்கும் மிஷினில் ஜாப் ஒர்க் செய்கிறேன். இன்னொரு மிஷினுக்கு பிஎம்இஜிபி கிடைக்குமா?

கிடைக்காது. பிஎம்இஜிபி என்பது புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு பேங்க் கடனோடு மானியம் தரும் மத்திய அரசுத் திட்டம். விதிவிலக்கு ஒன்று உண்டு: நீங்கள் ஆரம்பத்தில் முத்ரா என்ற சிறு தொழில் கடனோ பிஎம்இஜிபி கடனோ வாங்கி ஒழுங்காக அடைத்து, தொழிலும் லாபத்தில் ஓடினால், இரண்டாவது கடன் என்ற பிரிவில் உற்பத்தித் தொழிலுக்கு 1 கோடி வரையிலான திட்டத்துக்குக் கேட்கலாம், மானியம் 15 சதவீதம். அப்படி எதுவும் வாங்கவில்லை என்றால் மானியத்தை மறந்துவிட்டு, சொத்து அடமானம் இல்லாமல் சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத்தில், அதாவது சிறு தொழில் கடனுக்கு உங்கள் சார்பில் பேங்குக்கு உத்தரவாதம் தரும் அரசு ஏற்பாட்டில், கடன் கேளுங்கள். பேங்க்காரர் தானாக இந்தப் பேச்சை எடுக்க மாட்டார், வீட்டுப் பத்திரம்தான் கேட்பார். நீங்கள் பேர் சொல்லிக் கேட்க வேண்டும்.

சிவாஜிநகர் வாசகர்: ஒருவர் 15 ஆயிரம் முன்பணம் கொடுத்தால் பிஎம்இஜிபி கட்டாயம் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

கொடுக்காதீர்கள். அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணமே இல்லை, உத்யம் பதிவும் இலவசம். கடன் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது பேங்க், அந்த ஆள் இல்லை.

அல்சூர் வாசகர்: ஆதார் வேலூர் முகவரியில் இருக்கிறது, ஜாதிச் சான்றிதழும் தமிழ்நாட்டுடையது. இங்கே செல்லுமா? தொழிலுக்கு ஆனேக்கல் பக்கம் ஷெட் பார்த்திருக்கிறேன்.

மாநிலத் திட்டங்களுக்குச் செல்லாது. கர்நாடகா கேட்பது நாடகச்சேரி என்ற இங்குள்ள வருவாய்த்துறை அலுவலகத்தில் வாங்கிய சான்றிதழ், அதில் இருக்கும் ஆர்டி நம்பரை அடித்தால்தான் பல விண்ணப்பங்கள் அடுத்த பக்கத்துக்கே போகும். பிஎம்இஜிபி மத்தியத் திட்டம், அதில் தொழில் எங்கே நடக்கிறது என்பதுதான் முக்கியம். அதில் பெண்கள் என்றால் எந்தச் சமூகமானாலும் கூடுதல் மானியம் கிடைக்கும் சிறப்புப் பிரிவுதான்: மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம், கைப்பணம் 5 சதவீதம் போதும். பொதுப் பிரிவு ஆண்களுக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25, கைப்பணம் 10. உடனே மனைவி பெயரில் போட்டுவிடலாம் என்று கிளம்பாதீர்கள், அவர் உண்மையிலேயே தொழிலில் இருந்தால் சரி. மேனேஜர் எதிரில் உட்கார்ந்து மாதம் எத்தனை கிலோ என்ற கேள்விக்கு அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தால் அன்றைக்கே முடிந்தது.

ஷெட் விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அது கிராம பஞ்சாயத்திலா நகராட்சி எல்லையிலா என்று கேளுங்கள். பஞ்சாயத்து என்றால் கிராமக் கணக்கு. ரோட்டின் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்பதிலேயே 10 சதவீதம் மாறிவிடும், 20 லட்சத் திட்டத்தில் அது 2 லட்சம்.

ஸ்ரீராம்புரம் வாசகர்: ஆடிட்டர் போட்டுக் கொடுத்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை பேங்க் திருப்பி அனுப்பிவிட்டது, காரணம் சொல்லவில்லை.

அனுப்பியிருந்த பிரதியைப் பார்த்தேன். நீங்கள் போடப்போவது பாக்குமட்டைத் தட்டு, ஒன்பதாம் பக்கத்தில் ‘பால் கொள்முதல் நிலையம்’ என்று இருக்கிறது! வேறு யாருக்கோ போட்டதில் பெயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார். ரிப்போர்ட்டை நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள், கணக்குப் பட்டியலை மட்டும் ஆடிட்டரிடம் விடுங்கள். மட்டை எங்கிருந்து வருகிறது, ஒரு கட்டு என்ன விலை, மிஷின் மணிக்கு எத்தனை தட்டு அடிக்கும், எத்தனை கேட்டரிங்காரர்கள் வாங்குவதாகச் சொன்னார்கள் என்று எழுதி, அவர்களிடம் லெட்டர்ஹெட்டில் நாலு வரி வாங்கி இணையுங்கள். முதல் வருடமே நூறு சதவீத உற்பத்தி என்று காட்டாதீர்கள், யாரும் நம்ப மாட்டார்கள். ரிப்போர்ட்டில் ஒரு விற்பனை, ஜிஎஸ்டி ரிட்டர்னில் வேறு விற்பனை என்று இருந்தால் அதையும் சரி செய்துவிட்டுப் போங்கள்.

கோரமங்களா வாசகர்: ஆப் ஒன்று செய்கிறோம். கடன் வேண்டாம், கிராண்ட் மட்டும்தான் வேண்டும்.

திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம் நிஜமாகவே இருப்பது உங்களைப் போன்றவர்களுக்குத்தான். கர்நாடக அரசு ஸ்டார்ட்அப்களுக்கு நடத்தும் எலிவேட் திட்டத்தில் 50 லட்சம் வரை, கம்பெனியில் பங்கு கேட்பதில்லை, ஆனால் கம்பெனி கர்நாடகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அறிவிப்பு வரும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். மொத்தமாகக் கொடுக்கமாட்டார்கள், சொன்ன வேலையை முடித்துக் காட்டக் காட்டத் தவணையாக வரும், அதனால் முதல் கட்டத்துக்கு உங்களால் மூன்று மாதத்தில் முடிக்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள். ஆபீஸ் இன்டீரியரை பட்ஜெட்டில் சேர்க்காதீர்கள், ப்ளீஸ்.