அப்படியே நிறுத்தாதீர்கள்

கேள்வி: ஊட்டி, குன்னூர் எல்லாம் பலமுறை பார்த்தாயிற்று. அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு காரில் நீலகிரி வருகிறோம். கூட்டமில்லாத இடங்களாகச் சொல்லுங்கள். போகிற வழியில் அப்படியே வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி இருந்தால் நல்லது. – திருப்பூர் வாசகர்

பதில்: இடங்கள் இருக்கட்டும், முதலில் அந்த 'அப்படியே'யைப் பேசிவிடுவோம். மலைப்பாதையில் அப்படியே நிறுத்துவது என்று ஒன்று கிடையாது. கொண்டை ஊசி வளைவில் ஏறும் பேருந்து சாலையின் முழு அகலத்தையும் எடுத்துத்தான் திரும்பும். வளைவுக்கு முன்னால் ஒரு கார் செல்ஃபிக்காக நின்றால், பேருந்து நட்டநடு வளைவில் நின்றுவிடும். மறுபடி கிளப்பும்போது சில அடி பின்னுக்கு உருளும். பின்னால் ஒட்டி நிற்கும் கார்க்காரருக்கு அப்போது போக இடமிருக்காது. ஒவ்வொரு கோடையிலும் இந்தப் பக்கத்தில் இதை எழுதுகிறேன், இனியும் எழுதுவேன்.

நேரான சாலை, இரு பக்கமும் நூறு அடிக்குப் பார்வை, தார் ரோட்டை விட்டு நான்கு சக்கரமும் இறங்கி நிற்க இடம்: மூன்றும் இருந்தால் மட்டும் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியரிலும் இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸிலும் விடுங்கள். சக்கரத்துக்குக் கல் வைத்தால் புறப்படும்போது அதை எடுத்து ஓரமாகப் போடுங்கள். விட்டுப்போன கல்லில் இரவு ஏறி விழுவது பைக்கில் வரும் எஸ்டேட் தொழிலாளி.

இனி இடங்கள். ஊட்டியை இந்த முறை மறந்துவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டரில் கோத்தகிரி. அங்கேயே இரண்டு நாள் தங்குங்கள். வழியில் குஞ்சப்பனைப் பகுதியில் பலா பழுக்கும் மாதங்களில் யானை சாலைக்கு வரும். கண்டால் தூரத்திலேயே நில்லுங்கள். ஹாரன் வேண்டாம், விளக்கைச் சிமிட்டவும் வேண்டாம். அது போகும், காத்திருங்கள்.

அரவேணுவில் பிரிந்து கேத்தரின் அருவிக்குப் போகிறவர்கள் பலரும் ஏமாந்து திரும்புகிறார்கள். காரணம், அந்த வழி அருவியின் தலைக்குத்தான் போகிறது. தலையில் நின்று அருவியைப் பார்க்க முடியாது. முழு வீழ்ச்சியும் எதிர்ப்புறம் குன்னூர் பக்கத்து டால்பின் நோஸிலிருந்துதான் தெரியும். தண்ணீர் விழும் விளிம்பில் பாறை வழுக்கும். பிள்ளைகளையும் அம்மாவையும் அங்கே கூட்டிப்போக வேண்டாம்.

கோத்தகிரியிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில் கன்னேரிமுக்கு. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்து கட்டிய வீடு, பெத்தக்கல் பங்களா, அங்கே நினைவகமாக நிற்கிறது. ஊட்டி ஏரிக்கரையில் வரிசையில் நிற்கும் ஆயிரம் பேரில் பத்துப் பேர்கூட இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். நீலகிரியின் நகரங்கள் பிறந்த கதை தொடங்கிய இடம் இது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

கோத்தகிரியை ஒட்டி லாங்வுட் சோலை, சுமார் 116 ஹெக்டேர். வனத்துறை அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். சோலை என்பது மழையைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல ஓடைக்கு விடும் காடு. சுற்றியுள்ள ஊர்களின் குடிநீர் இதை நம்பித்தான். சத்தம் போடாமல் நடந்தால் கறுப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பான் கண்ணில் படலாம். மழைக்காலத்தில் அட்டை ஏறும். ஏறினால் பிடுங்காதீர்கள், உப்பும் தூவாதீர்கள். தோலை ஒட்டி நகத்தை ஓட்டி, கவ்விய முனையை நெம்பித் தள்ளினால் விட்டுவிடும். பிறகு கழுவி அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பயமில்லை.

அம்மாவுக்கு ஏற்றது கோடநாடு காட்சிமுனை. கோத்தகிரியிலிருந்து 18 கிலோமீட்டர், நடை குறைவு. கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தெங்குமரஹாடா, தூரத்தில் பவானிசாகர் நீர்த்தேக்கம். காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் எழுந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் வார நாளுக்கு 6,000, வார இறுதிக்கு 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. புதன்கிழமை புறப்படுங்கள். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் வாங்கிக்கொள்வார்கள், அது நல்ல காரியம்.

இறங்கும்போது குன்னூர், பர்லியார் வழி. சீசனில் ஒருவழிப் பாதையாக்கினால் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்க வேண்டியிருக்கும், திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டி சாலை வழியாக இறங்க விடாதது அநியாயம் என்று சில வாசகர்கள் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சமரசம் இல்லை. 36 கொண்டை ஊசி வளைவு கொண்ட செங்குத்து இறக்கம் அது. சமவெளியில் ஓட்டிப் பழகியவர் பிரேக்கை மிதித்தபடியே இறங்குவார். பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும், பழைய பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் அமுங்கிப் போகும். வெளியூர் வண்டிக்குத் தடை போட்டது உயிரைக் காக்க.

நீங்கள் இறங்கும் பாதையிலும் ஏறிய அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. நியூட்ரலில் ஒருபோதும் விடாதீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டியானால் டியில் விடாமல் கீழ்க் கியருக்கு மாற்றுங்கள். கருகிய வாசனை வந்தால் அரை மணி நேரம் ஒதுங்கி நில்லுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். எதிரே ஏறிவரும் வண்டிக்கு இறங்குகிற நீங்கள்தான் வழிவிட வேண்டும்.

பர்லியாரில் 1871இல் தொடங்கிய அரசுத் தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வாக்கில் போனால் சாலையோரக் கடைகளில் மங்குஸ்தான் கிடைக்கும். காம்புக்கு எதிர்ப்புறம் பூப்போல ஒரு தழும்பு இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. இதழ் அதிகமுள்ள பழத்தில் சுளைகள் சிறிதாக இருக்கும், கொட்டையும் குறைவு. பிள்ளைகளையே எண்ணிப் பொறுக்கவிடுங்கள். விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். கல்லாக இருந்தால் உள்ளே கெட்டிருக்கும், காசு கொடுக்காதீர்கள். தோலின் சாறு சட்டையில் பட்டால் கறை போகாது.