அப்பாவின் வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள்

கேள்வி: கோவையில் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பா இரண்டு மாதங்களுக்கு முன் காலமானார். உயில் இல்லை. ஒரு வங்கிக் கணக்கு இருப்பது மட்டும் தெரியும். அதற்கு அம்மா நாமினி. "அங்கங்கே கொஞ்சம் போட்டு வெச்சிருக்கேன்" என்பார், எங்கே என்று சொன்னதில்லை. அம்மா, பாட்டி (அப்பாவின் அம்மா), நான், தம்பி இருக்கிறோம். கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிடலாம் என்கிறான் தம்பி. என்ன செய்வது?

பதில்: தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கில் மிச்சமிருக்கும் பணத்தைவிட அதன் வரவு செலவு விவரம்தான் இப்போது முக்கியம். இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போய்த் தகவல் சொல்லிவிட்டு, கடந்த சில ஆண்டுகளுக்கான ஸ்டேட்மென்ட்டைக் கேட்டு வாங்குங்கள். பின் நம்பர் தெரிந்தாலும் ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். இறப்புக்குப் பிறகு பென்ஷன் வரவாகியிருந்தால் அதைத் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் படியுங்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை சிறு தொகை வந்திருந்தால் அது டிவிடெண்டாக (நிறுவனம் தன் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் லாபம்) இருக்கலாம். அப்படியானால் எங்கோ பங்குகள் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே தொகை வந்தால், வேறு வங்கி டெபாசிட்டின் வட்டியோ தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்பின் வட்டியோ என்று விசாரியுங்கள். செலவுப் பக்கத்தில் எல்ஐசி பிரீமியம், லாக்கர் வாடகை தென்படலாம். ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் விபத்துக் காப்பீடு. மரணம் விபத்தால் நேர்ந்திருந்தால் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

அப்பாவுக்கு பான் கார்டு இருந்தால், வருமான வரி இணையதளத்தில் வாரிசாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவருடைய வருடாந்திரத் தகவல் அறிக்கையில் வட்டி, டிவிடெண்ட், மியூச்சுவல் ஃபண்ட் பரிவர்த்தனைகள் தெரியும். பத்தாண்டுகளுக்கு மேல் தொடாமல் கிடக்கும் வங்கி டெபாசிட்டுகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கிய 'உத்கம்' தளமும், மறந்துபோன மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு 'மித்ரா' தளமும் இருக்கின்றன. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் டிவிடெண்ட் வாங்காத பங்குகள் ஐஇபிஎஃப் என்ற அரசு நிதியத்துக்குப் போய்விடும். அங்கிருந்தும் வாரிசுகள் மீட்கலாம். "கண்டுபிடித்துத் தருகிறேன், பாதி கொடுங்கள்" என்று வருபவர்களை நம்ப வேண்டாம்.

எந்தத் தளத்திலும் சிக்காதவை உண்டு: நகை அடகுச் சீட்டு, கூட்டுறவுச் சங்கப் பாஸ்புக், சீட்டுப் பணம் கட்டிய ரசீது, காலிமனை வரி ரசீது. பீரோவில் உள்ள எந்தக் காகிதத்தையும் பழையது என்று தூக்கிப் போடாதீர்கள். அடகுச் சீட்டு கிடைத்தால் முதல் வேலையாக அங்கே போங்கள், நகை ஏலத்துக்குப் போய்விடக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்று. அப்பா பிஎஃப் பென்ஷன் வாங்கியிருந்தால் அம்மாவுக்கு விதவை பென்ஷன் உண்டு: அவர் பெற்றதில் பாதி, குறைந்தது மாதம் 1,000 ரூபாய். இது தெரியாமலே இருந்துவிடும் அம்மாக்களை நினைத்தால் மனசு பொறுக்கவில்லை. பிஎஃப் அலுவலகத்தில் உடனே விண்ணப்பியுங்கள்.

அடுத்து, சொத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது. வங்கி நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிடும். அதனால் அம்மா மட்டுமே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. இதை உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. (ஆயுள் காப்பீடு விதிவிலக்கு: 2015 திருத்தத்துக்குப் பிறகு மனைவியோ பிள்ளையோ நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே.) நீங்கள் இந்துக் குடும்பம் என்றால், அப்பா தாமே சம்பாதித்த சொத்தில் அம்மா, பாட்டி, நீங்கள், தம்பி நால்வருக்கும் ஆளுக்கு நாலில் ஒரு பங்கு. பல வீடுகளில் பாட்டியை விட்டுவிடுகிறார்கள். இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் கேட்கும்போதே அவர் பெயரையும் சேருங்கள்.

நாமினி இல்லாத கணக்கு ஏதும் கிடைத்தால் கலங்க வேண்டாம். உயிலோ தகராறோ இல்லாதபோது, 15 லட்சம் ரூபாய் வரை வணிக வங்கிகள் நீதிமன்றச் சான்று கேட்காமலே எளிய முறையில் தர வேண்டும் என்பது 2025-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. கூட்டுறவு வங்கியில் அந்த வரம்பு 5 லட்சம். எல்லா ஆவணங்களும் கொடுத்த 15 நாளில் முடித்துத் தர வேண்டும். விண்ணப்பம் கொடுக்கும்போது தேதியிட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.